சந்தையில் வாங்கிய மாடுகளின் காதுவில்லைப் பதிவை எங்கள் பெயருக்கு மாற்றுவது எப்படி?

கேட்டவர்: தாராபுரம் சிறுபண்ணை

அனைவருக்கும் வணக்கம். தாராபுரத்துக்குத் தெற்கே எங்களுக்கு மூன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அதில் ஒரு ஏக்கரில் கோ-4 தீவனப்புல்லும் சோளத்தட்டும் போட்டு, வீட்டில் பிறந்து வளர்ந்த ஒரே ஒரு பசுவை இதுவரை வைத்திருந்தோம். பால் சங்கத்தில் கூடுதலாக ஊற்றலாம் என்ற எண்ணத்தில் சென்ற வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குப் போய் இரண்டு கறவை மாடுகளைப் பிடித்துவந்தோம். வெளியிலிருந்து மாடு வாங்குவது எங்களுக்கு இதுவே முதல் முறை.

முதலாவது செவலை நிற ஜெர்சி கலப்பினம். இரண்டாம் ஈத்து, ஆறு மாதச் சினை, இன்னும் ஆறு லிட்டர் கறக்கிறது என்று சொல்லி 62,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அதன் காதில் மஞ்சள் வில்லை இருக்கிறது. இரண்டாவது கறுப்பு வெள்ளை எச்.எப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பினம், விலை 54,000 ரூபாய். அதன் காதில் வில்லை இல்லை. வில்லை இருந்த இடத்தில் காது கிழிந்து ஆறிய தழும்பு மட்டும் தெரிகிறது. எங்கள் கையில் உள்ள ஆவணம் சந்தையின் சுங்கச் சீட்டு ஒன்றுதான். அதிலும் தேதியும் 'மாடு 2' என்ற எழுத்தும் தவிர வேறெதுவும் இல்லை.

நேற்று எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் செவலையின் எண்ணைக் கைப்பேசியில் போட்டுப் பார்த்தார்கள். வேறு மாவட்டத்தில் உள்ள ஒருவரின் பெயரில் அது பதிவாகியிருக்கிறது. எங்களுக்கு மாட்டை விற்றவர் அவர் அல்லர்.

இந்தப் பதிவை மாற்ற வேண்டியது விற்றவரின் பொறுப்பா, எங்கள் பொறுப்பா? மாற்றாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்? வில்லை இல்லாத மாட்டுக்குப் புதிய வில்லை அடித்துவிட்டால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

தம்பி, வாங்கி ஒரு வாரத்துக்குள் இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லது. பெரும்பாலானவர்கள் மாடு செத்த பிறகோ காப்பீட்டுக்காரர் வந்து நிற்கும்போதோதான் கேட்கிறார்கள். அப்போது விற்றவரைத் தேடிப் பிடிக்கவே முடிவதில்லை.

முதலில் அந்த மஞ்சள் வில்லை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதில் உள்ள 12 இலக்க எண் அந்த மாட்டுக்கு மட்டுமே உரியது. நாட்டில் வேறு எந்த மாட்டுக்கும் அந்த எண் வராது. தேசியப் பால்வள வாரியம் உருவாக்கிய 'இனாஃப்' என்ற தரவுத்தளத்தில் தொடங்கி, இப்போது 'பாரத் பசுதன்' தளத்தில் அந்த எண்ணின் கீழ் மாட்டின் வரலாறு சேர்ந்துகொண்டே வருகிறது. கோமாரி, கன்று வீச்சு (சினையைக் கலைக்கும் புரூசெல்லோசிஸ்) ஆகிய இரண்டு நோய்களையும் கட்டுப்படுத்த 2019 செப்டம்பரில் தேசியத் திட்டம் தொடங்கிய பிறகு, தடுப்பூசி போடும் மாட்டுக்கெல்லாம் வில்லை இருக்க வேண்டும் என்பது நடைமுறையானது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் கோமாரித் தடுப்பூசி, கிடாரிக் கன்றுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் வாழ்நாளில் ஒரே முறை போடும் கன்று வீச்சுத் தடுப்பூசி, சினை ஊசி போட்ட தேதி, சினைப் பரிசோதனை முடிவு, ஈன்ற தேதி என எல்லாமே எழுதப்பட்டிருந்தால் அந்த எண்ணின் கீழ்தான் இருக்கும்.

ஆகவே 'யார் பெயரில் இருந்தால் என்ன, பால் கறக்கிறது' என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் செவலை 'ஆறு மாதச் சினை' என்று சொல்லித்தானே விற்றார்கள்? அந்த எண்ணின் கீழ் கடைசிச் சினை ஊசி எந்தத் தேதியில் போடப்பட்டிருக்கிறது என்பதை மருந்தகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்து ஏறத்தாழ 280 நாளில் ஈனும். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை வற்றவைக்க வேண்டும். சினை மாதத்தைத் தவறாகக் கணக்கிட்டு முன்கூட்டியே வற்றவைத்தால் பாலில் நட்டம். பின்தங்கி வற்றவைத்தால் மடிக்கும் கன்றுக்கும் கேடு. தரகர் சொல்லும் மாதத்தை நம்புவதைவிடப் பதிவில் இருக்கும் தேதியையும், மருத்துவர் கையை விட்டுப் பார்த்துச் சொல்லும் மாதத்தையும் சேர்த்துவைத்துப் பார்ப்பதே சரி.

பொறுப்பு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். விற்றவருக்கு இதனால் உடனடி நட்டம் ஏதும் இல்லை என்பதால் அவராக வந்து மாற்றித்தருவார் என்று காத்திருக்கக் கூடாது. வாங்கியவர்தான் முன்னின்று செய்ய வேண்டும். உங்கள் பகுதிக் கால்நடை உதவி மருத்துவரிடம் ஆதார் அட்டை, கைப்பேசி எண், வாங்கியதற்கான எழுத்து ஆகியவற்றோடு போய் முதலில் உங்களை உரிமையாளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுப் பசுவுக்கு ஏற்கனவே வில்லை அடித்திருந்தால் உங்கள் பெயர் தளத்தில் இருக்கும். அதே பெயரின் கீழ் இந்த மாடுகளையும் சேர்க்கச் சொல்லுங்கள், இன்னொரு முறை புதிதாகப் பதிய வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் இருந்து, வீட்டு மாடுகள் பாதி அதிலும் பாதி இதிலும் கிடப்பதை நான் பணியில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு உள்ள சிக்கல் இடையில் ஒரு கை மாறியிருப்பது. பதிவில் இருப்பவர் வியாபாரியிடம் விற்றிருக்கிறார், வியாபாரி உங்களிடம் விற்றிருக்கிறார். நான் பணியில் இருந்தபோது இப்படி வந்தால் பதிவில் உள்ள உரிமையாளரைக் கைப்பேசியில் அழைத்து, 'இந்த மாட்டை விற்றுவிட்டீர்களா, யாரிடம், எப்போது' என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் பெயரை மாற்றுவோம். பத்தில் எட்டுப் பேர் தயங்காமல் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார்கள். 'இல்லையே, என் மாடு களவு போய்விட்டது' என்று ஒருவர் சொன்னதும் உண்டு. அந்த மாட்டை வாங்கியவர் எந்தத் தவறும் செய்யாதவர். இருந்தாலும் காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டியதாயிற்று.

வில்லை இல்லாத மாட்டுக்கு வருகிறேன். வெறும் காதோடு வந்த மாடு வேறு, கிழிந்த காதோடு வந்த மாடு வேறு. தழும்பு இருக்கிறது என்றால் அதற்கு ஒரு காலத்தில் எண் இருந்தது என்று பொருள். வேலிக்கம்பியிலோ தொட்டி ஓரத்திலோ மாட்டி வில்லை கிழிந்துபோவது வழக்கமான ஒன்றுதான். ஆனால் அதைப் புத்தம்புது மாடாகப் பதிவு செய்து புது வில்லை அடித்துவிட்டால், பழைய தடுப்பூசி விவரமும் சினை ஊசி விவரமும் பழைய எண்ணோடே நின்றுவிடும். முயன்றால் பழைய எண்ணைக் கண்டுபிடிக்கலாம்: விற்ற வியாபாரி யாரிடம் வாங்கினார் என்று கேட்டு, அந்தச் சொந்தக்காரரின் ஊர் மருந்தகத்தில் அவர் பெயரில் உள்ள மாடுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புது எண்ணை இணைக்கும் வசதி இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள். எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால் மட்டும் புதிதாகப் பதிவு செய்யுங்கள். அப்போது காதில் பழைய தழும்பு இருப்பதை உங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்து, புகைப்படமும் எடுத்துவையுங்கள்.

பதில் 2: பால் சங்கச் செயலர்

எங்கள் சங்கத்தில் காப்பீட்டு வேலையையும் நான் கவனிப்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இது என் சொந்த வீட்டிலேயே நடந்தது.

என் அண்ணன் நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் காப்பீடு செய்யப்பட்ட மாடு ஒன்றை வாங்கினார். பாலிசி முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. 'காப்பீடு இருக்கிற மாடு' என்று சொல்லி இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகவும் கொடுத்திருந்தார். மூன்றாம் மாதம் வயிறு உப்பி ஒரே இரவில் மாடு செத்துப்போனது. உடற்கூறு ஆய்வு செய்தோம், புகைப்படம் எடுத்தோம், காதை வில்லையோடு எடுத்து வைத்தோம். காப்பீட்டு நிறுவனம் ஒரே வரியில் மறுத்துவிட்டது. பாலிசி பழைய சொந்தக்காரர் பெயரில் இருக்கிறது, ஆனால் மாடு அவரிடம் இல்லை. என் அண்ணனிடம் மாடு இருந்தது, ஆனால் அவர் பெயரில் பாலிசி இல்லை. அவர்கள் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் எங்களுக்கு அதிக வருத்தத்தைத் தந்தது. மானியத்தோடு கூடிய கால்நடைக் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளிலேயே, பாலிசிக் காலம் முடியும் முன் மாட்டை விற்றால் மீதிக் காலத்துக்கான உரிமையைப் புதிய சொந்தக்காரர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. நாங்கள்தான் மாற்றவில்லை.

ஆகவே செவலைக்கு நடப்பில் காப்பீடு இருக்கிறதா என்று பழைய சொந்தக்காரரைக் கேளுங்கள். இருந்தால் விற்பனைச் சீட்டின் நகலோடு நிறுவனத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரில் வில்லைப் பதிவு மாறிய பிறகு புதிதாக எடுங்கள். விண்ணப்பத்தில் எழுதும் எண்ணும் காதில் உள்ள எண்ணும் ஓர் இலக்கம் பிசகினாலும் பிறகு சங்கடம்தான். வில்லையில் சாணமும் தூசியும் படிந்திருக்கும்போது 3, 8 ஆகிய எண்களைப் பிரித்தறிவது கடினம். ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒருவர் காதைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க மற்றவர் எழுதுங்கள். எழுதிய பிறகு எழுதியவரே ஒருமுறை படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் 'வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை' என்பது நிபந்தனையாக இருப்பதால், வில்லை விழுந்தால் அன்றே நிறுவனத்துக்கும் மருந்தகத்துக்கும் தெரிவித்துப் புது எண்ணைப் பாலிசியில் சேர்க்க வேண்டும்.

எச்.எப். மாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காதில் தழும்பு இருப்பதற்கு வேலிக்கம்பியே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆனால் வங்கிக் கடனில் வாங்கிய மாடுகளை, கடன் தீராமலே வில்லையைக் கழற்றிவிட்டுச் சந்தைக்கு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். கடன் தீரும்வரை அந்த மாடு வங்கிக்கு அடமானம். அதை விற்க அவருக்கு உரிமை இல்லை. எனவே பழைய சொந்தக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தால் கடன் இருந்ததா என்பதையும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

பதில் 3: பொள்ளாச்சி வழக்கறிஞர்

மேலே இருவரும் சொன்னவற்றோடு எழுத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். சுங்கச் சீட்டு என்பது சந்தைக் குத்தகைதாரர் வசூலித்த கட்டணத்துக்கான ரசீது மட்டுமே. மாட்டை யார் யாருக்கு விற்றார் என்பதற்கு அது சான்றாகாது. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி, கயிற்றைக் கை மாற்றினால் வியாபாரம் முடிந்தது என்பது நம் சந்தைகளின் நெடுநாள் வழக்கம். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டத்தின் முன் மாடு ஓர் அசையும் சொத்து. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் அதற்கும் பொருந்தும். தனக்கு உரிமையில்லாத பொருளை ஒருவர் விற்றால், சில விதிவிலக்குகள் தவிர, வாங்கியவருக்கும் உரிமை வராது என்பது அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு. விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டு என்பது எழுதாமலே அடங்கியிருக்கும் நிபந்தனை என்று 14ஆம் பிரிவு சொல்வதால், பிறகு உரிமைச் சிக்கல் எழுந்தால் விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. அப்படிக் கேட்பதற்கு அவர் யார், எந்த ஊர் என்பது உங்கள் கையில் எழுத்தாக இருக்க வேண்டும்.

வெள்ளைத் தாளே போதும். விற்பவர், வாங்குபவர் இருவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கைப்பேசி எண், மாட்டின் 12 இலக்க எண், நிறம், நெற்றிச் சுட்டி, கொம்பு, வால் குஞ்சம் போன்ற அடையாளங்கள், பல், ஈத்து, சொன்ன சினை மாதம், உறுதி சொன்ன பால் அளவு, விலை, பணம் கொடுத்த விதம் ஆகியவற்றை எழுதி, 'இந்த மாட்டின் மீது கடன் ஏதும் இல்லை, பதிவை மாற்ற நான் சம்மதிக்கிறேன்' என்ற வரியையும் சேர்த்து, சாட்சி ஒருவரோடு கையெழுத்து வாங்குங்கள். தொகை 5,000 ரூபாயைத் தாண்டுவதால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரைத்தலை ஒட்டி அதன் மேல் கையெழுத்து விழ வேண்டும். தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை மாறும் நொடியிலேயே நட்டத்தின் பொறுப்பும் வாங்கியவருக்கு மாறிவிடுகிறது. மாடு வண்டியில் ஏறிய பின் கால் ஒடிந்தால் அது யாருடைய மாடு என்ற கேள்விக்கு அந்த நேரக் குறிப்புதான் பதில் சொல்லும்.

வண்டி என்றதும் இன்னொன்று. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, மாடு பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லாதது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று வேண்டும். சாதாரணச் சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. அந்தச் சான்றில் வில்லை எண்ணையும் குறிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினால், எந்த நாளில் எங்கிருந்து எங்கே அந்த மாடு போனது என்பதற்கு இன்னொரு சான்று கிடைத்துவிடும்.

இனி உங்கள் விஷயம். தரகரின் கைப்பேசி எண் உங்களிடம் இருக்கும் அல்லவா? இந்த வாரமே அவரைப் பிடித்து வியாபாரியிடம் எழுத்து வாங்குங்கள். அடுத்த வியாழக்கிழமையும் அவர் அதே சந்தைக்குத்தான் வருவார்.

பதில் 4: மூலனூர் அம்மிணி

கண்ணு, தாளெல்லாம் தயாராகும் வரைக்கும் அந்த இரண்டு மாட்டையும் வீட்டுப் பசுவோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மூன்று வாரமாவது தனிக் கொட்டகை, தனித் தண்ணீர்த் தொட்டி, கறக்கும்போது வீட்டுப் பசுவைக் கறந்துவிட்டுக் கடைசியாகத்தான் இவற்றைக் கறக்க வேண்டும். வில்லையே இல்லாத மாட்டுக்குக் கோமாரி ஊசி போட்டிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கன்று வீச்சு நோய்க்கு இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அது காய்ச்சாத பாலிலும் நஞ்சுக்கொடியைத் தொடுவதிலும் மனிதருக்கே தொற்றும் நோய். 2022இல் தோல் கழலை நோய் பரவியபோது புதிதாக வந்த மாட்டை நேராகக் கட்டுத்தறியில் கட்டிய வீடுகளில் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நான் முப்பது வருடமாக மாட்டுக்கு ஒரு பக்கம் என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிறேன். வந்த தேதி, யாரிடம் வாங்கியது, காது நம்பர், பருவத்துக்கு வந்தது, ஊசி போட்டது, ஈன்றது, விற்றால் யாருக்கு, செத்தால் எதனால். விற்கும்போது அந்தப் பக்கத்தை நகலெடுத்து வாங்குபவர் கையில் கொடுத்துவிடுவேன். அதனாலேயே என் கட்டுத்தறி மாட்டுக்கு விலை பேச வீட்டுக்கே வருகிறார்கள்.

மீண்டும் கேட்டவர்: தாராபுரம் சிறுபண்ணை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பதினெட்டு நாட்களில் நடந்தவற்றைப் பதிவு செய்கிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

அடுத்த வியாழக்கிழமையே சந்தைக்குப் போய்த் தரகர் மூலம் வியாபாரியைப் பார்த்தோம். முதலில் தயங்கினாலும், கடன் இல்லை என்ற வரியைப் படித்துக் காட்டியதும் இரண்டு மாடுகளுக்கும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். செவலையின் பழைய சொந்தக்காரரை எங்கள் மருத்துவரே அழைத்துப் பேசினார். மகள் படிப்புச் செலவுக்காக விற்றதாகவும், காப்பீடு முடிந்து ஓராண்டு ஆகிவிட்டதாகவும் சொல்லிப் பெயர் மாற்றச் சம்மதித்தார். மாடு நன்றாக இருக்கிறதா, இடது பின்காம்பு கொஞ்சம் கடினமாக இருக்கும், பார்த்துக் கறக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னாராம். அன்றே பதிவு என் பெயருக்கு மாறியது.

சினை விவரம்தான் எங்களை வியக்கவைத்தது. சினை ஊசி போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டால், நாங்கள் வாங்கிய நாளில் 135 நாள் மட்டுமே ஆகியிருந்தது. மருத்துவர் சோதித்துப் பார்த்ததும் அதனோடு ஒத்துப்போனது. ஆறு மாதம் என்று நம்பி வற்றவைத்திருந்தால் ஒன்றரை மாதப் பாலை இழந்திருப்போம். நாளொன்றுக்கு ஆறு லிட்டர் என்று வைத்தாலும் 270 லிட்டர்.

எச்.எப். மாட்டின் பழைய சொந்தக்காரர் கர்நாடக எல்லையோரக் கிராமத்தில் இருக்கிறார் என்பது வரை தெரிந்தது, எண் இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை புது வில்லை அடிக்க வேண்டாம் என்று மருத்துவர் நிறுத்திவைத்திருக்கிறார். இரத்தப் பரிசோதனையில் கன்று வீச்சு நோய் இல்லை. எத்தனை நாள் வரை இப்படிக் காத்திருக்கலாம்?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

அடுத்த கோமாரித் தடுப்பூசிச் சுற்று உங்கள் ஊருக்கு வரும் நாள் வரை காத்திருங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஊசியும் வில்லையும் அன்று ஒன்றாக நடக்கட்டும். பழைய எண் பிறகு கிடைத்தால், தழும்பின் புகைப்படத்தையும் வியாபாரியின் எழுத்தையும் மருத்துவரிடம் காட்டிப் பழைய விவரங்களைக் கேட்டு வாங்கி, அம்மிணி சொன்ன அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செவலையின் இடது பின்காம்பையும் அதே நோட்டில் முதல் வரியாக எழுதிவிடுங்கள்.